1980 ஜனவரி 1ஆம் திகதி எழுதிய சுனாமிப் பட்டியல்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். முக்கியமாக, போன மாதம் நமது வட்ஸ்அப் குறூப்பில் எழுதியவர்கள் வாசிக்க வேண்டும்.

நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுனாமியில் நமதூரில் மௌத்தானவர்களின் பெயர்களைப் பொறித்து ஒரு பலகை வைப்பதென்று இளைஞர்கள் முடிவெடுத்தார்கள். என்னிடம் பட்டியல் கேட்டார்கள். என்னிடம் இருந்தது இரண்டு. முகாமில் இருந்த நாட்களில் ஒரு பழைய லெப்டொப்பில் நாங்கள் அடித்தவை. பல வருடங்களுக்கு முன் அவற்றைச் சீடியில் எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் அப்படியே குறூப்பில் போட்டேன். ஒன்றில் ஒரு பெயர் கூட இருந்தது. மற்றதில் அந்தப் பெயர் இல்லை.

அவர் வெளியூர்க்காரர். கடற்கரையில் ஒரு வாடியில் தங்கி மீன் வியாபாரம் செய்தவர். அவருடைய மகள் பிறகு நமதூரில்தான் வாழ்க்கைப்பட்டார், இன்று நம்மோடுதான் இருக்கிறார். "வாப்பாவின் பெயரையும் போடுவீர்களா சேர்?" என்று பணிவாகக் கேட்டிருந்தார். அதற்கு ஒருவர் எழுதிய பதில்: "இது நிவாரணத்துக்காகப் பிறகு சேர்த்த பெயர். பைலின் திகதியைப் பாருங்கள், 1980 என்று இருக்கிறது. யாரோ திகதியில் கை வைத்திருக்கிறார்கள்."

அந்தத் தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. குறூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

உண்மையில் திகதி 1980 ஜனவரி 1 என்றுதான் இருந்தது. மற்றப் பட்டியலில் 2005 ஜனவரி. நான் 27 வருடமாக வரலாறு படிப்பிக்கிறவன். ஓர் ஆவணத்தின் திகதி பிழையென்றால் முதலில் கேட்க வேண்டியது யார் மாற்றினார்கள் என்பதல்ல, இந்தத் திகதி எப்படி வந்தது என்பதுதான். ஆகவே அலுமாரியின் மேல் தூசி பிடித்துக் கிடந்த அந்த லெப்டொப்பை இறக்கினேன்.

அது 1999ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட ஐ.பி.எம். திங்க்பேட். நமக்கு வந்தபோதே பலர் பாவித்துக் கழித்த மெஷின். மின்சாரம் கொடுத்ததும் திரையில் இரண்டு எண்கள் வந்தன: 161, 163. முகாமிலும் ஒவ்வொரு நாளும் இதே எண்களைத்தான் பார்த்தோம். யாருக்கும் பொருள் தெரியாது. ஏதோ பட்டனை அழுத்தித் தாண்டிப் போவோம். 161 என்றால் உள்ளே இருக்கும் சிறு பெட்டரி செத்துவிட்டது. 163 என்றால் திகதியும் நேரமும் வைக்கப்படவில்லை. அவ்வளவுதான். மெஷின் ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

கணினிக்குள் ஏன் தனியாக ஒரு மணிக்கூட்டுப் பெட்டரி? இதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். தன் முதலாவது பீ.சீ.யை வெளியிட்டது. அதற்குள் நிரந்தரமான மணிக்கூடு கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 18.2 துடிப்பு என்று எண்ணி நேரத்தை வைத்துக்கொள்ளும். சுவிட்சை நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டொஸ் இரண்டு கேள்வி கேட்கும்: இன்று என்ன திகதி? இப்போது என்ன நேரம்? ஒழுங்கானவர்கள் பதில் அடித்தார்கள். அவசரக்காரர்கள் என்டரை அழுத்திவிட்டு வேலைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களின் கடிதமும் கணக்கும் எல்லாம் ஒரே நாளில் எழுதியவையாகப் பதிவாகின. அந்த நாள்தான் 1980 ஜனவரி 1.

ஏன் 1980? டொஸ் ஒரு பைலின் திகதியை எழுத 16 பிட் இடம்தான் ஒதுக்கியது. நாளுக்கு 5, மாதத்துக்கு 4, வருடத்துக்கு மீதி 7. ஏழு பிட்டில் 0 முதல் 127 வரைதான் எண்ண முடியும். அந்தப் பூச்சியத்தை 1980இல் வைத்தார்கள். அதற்கு முந்திய ஒரு நாளை அந்த முறையில் எழுதவே முடியாது. 2107உடன் அதன் கணக்கும் முடிகிறது. ஆகவே ஒரு பைலில் 1980 ஜனவரி 1 என்று கண்டால் அது ஒரு நாளின் பெயரல்ல. "எனக்குத் திகதி தெரியாது" என்பதைக் கணினி எழுதும் விதம். (அப்பிள் நிறுவனத்தின் மெகின்டொஷ் 1904 ஜனவரி 1இலிருந்து எண்ணியது. ஆனால் 1984இல் வந்த அந்த முதல் மெஷினிலேயே மணிக்கூட்டுக்குப் பெட்டரி இருந்தது. பின்பக்கத்தில் ஒரு சிறு கதவைத் திறந்து நாமே மாற்றலாம். நல்ல யோசனை.)

ஐ.பி.எம்.மும் 1984இல் வந்த ஏ.டி. என்ற மெஷினில் இதைச் சரிசெய்தது. மோட்டரோலா 146818 என்ற ஒரு சிப். அதற்குள் 64 பைட் மட்டும். 14 பைட் மணிக்கூட்டு வேலைக்கு, மீதி 50 பைட்டில் இந்த மெஷினில் என்ன டிஸ்க், எவ்வளவு மெமரி என்ற குறிப்பு. மின்சாரம் இல்லாத நேரத்திலும் இந்தச் சிப் விழித்திருக்க ஒரு லித்தியம் பெட்டரி. நான் மேலே சொன்ன 161, 163 என்ற எண்கள் அந்த ஏ.டி.யிலிருந்து வருபவைதான். பதினைந்து வருடம் கழித்துச் செய்த லெப்டொப்பும் அதே எண்களைத்தான் காட்டுகிறது.

அவ்வளவு சிறிய பெட்டரியில் வருடக்கணக்கில் ஓடுவது சீமொஸ் என்ற முறையால். பிராங்க் வன்லஸ் என்ற அமெரிக்கர் 1963இல் கண்டுபிடித்தது. வேலை செய்யாத நேரத்தில் மிக மிகக் கொஞ்சமாகவே மின்சாரம் எடுக்கும். நேரத்தை அளப்பது ஒரு குவாட்ஸ் பளிங்குத் துண்டு. செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். இந்த எண் எதற்கு என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், அதாவது ஒரு செக்கனுக்கு ஒரு துடிப்பு. உங்கள் கையில் இருக்கும் குவாட்ஸ் கடிகாரத்துக்குள்ளும் பெரும்பாலும் இதே எண்தான்.

பெட்டரிதான் எப்போதும் தொல்லை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த பல மேசைக் கணினிகளில் பீப்பா வடிவமான நிக்கல் கட்மியம் பெட்டரியைப் பலகையிலேயே ஒட்டிவிட்டார்கள். அது வயதானால் கசியும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு பலகையின் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். பச்சை பூத்துப்போன பலகைகளைக் கண்டிருப்பீர்கள். டலஸ் செமிகண்டக்டர் என்ற நிறுவனம் சிப், பளிங்கு, பெட்டரி மூன்றையும் ஒரே கறுப்புக் கட்டியாக வார்த்து, பத்து வருடம் ஓடும் என்று விற்றது. பத்து வருடம் ஓடியது. பிறகு? பெட்டரியை மாற்ற வழியில்லை. பழைய மெஷின்களைப் பாதுகாக்கிறவர்கள் இன்று அந்தக் கட்டியை அராவிப் பழைய பெட்டரியின் இணைப்பை வெட்டி, வெளியே புதுப் பெட்டரி பொருத்துகிறார்கள். 2000ஆம் ஆண்டுப் பயத்திலும் இந்தச் சிப்புக்கு ஒரு பங்கு உண்டு. அது வருடத்தை இரண்டு இலக்கத்தில்தான் வைத்திருந்தது.

லெப்டொப்புக்கு வந்தபோது பெட்டரி நாணயம் போல் ஆனது. பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சிவப்பும் கறுப்பும் இரண்டு வயர் வைத்து, சிறு இணைப்பியோடு வரும்.

இனி முகாமுக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா நாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். இலங்கையிலேயே அதிகம் இங்கேதான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரை முழுவதும் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாடசாலையில் இருந்தோம். லைன் மின்சாரம் இல்லை. மஃரிபுக்குப் பிறகு ஒரு ஜெனரேட்டரை இரண்டு மூன்று மணித்தியாலம் போடுவார்கள். அந்த நேரத்தில்தான் பட்டியல் அடித்தோம், பாமினி எழுத்தில். திங்க்பேட்டின் பெரிய பெட்டரியும் ஏற்கனவே செத்ததுதான். ஜெனரேட்டரை நிறுத்தினால் மெஷினுக்குள் ஒரு சொட்டு மின்சாரமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மாலையும் அதற்குப் புதிதாகப் பிறந்த நாள். ஒவ்வொரு மாலையும் 1980 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி.

இதனால் ஒரு பயனும் இருக்கிறது என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டியலின் நேரம் நள்ளிரவு 12.52 என்று இருக்கிறது. அதாவது மெஷினைப் போட்டு ஏறத்தாழ 52ஆவது நிமிடத்தில் சேமித்திருக்கிறோம். என்ன நாள் என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியும்.

பிறகு கணினி தெரிந்த ஒரு தம்பி முகாமுக்கு வந்தார். தொடங்கும்போதெல்லாம் முதலில் திகதியை வையுங்கள் என்று சொல்லித் தந்தார். இரண்டாவது பட்டியலில் 2005 ஜனவரி என்று சரியாக விழுந்தது அதனால்தான். திகதி இருந்தது என்பதற்காக அதை உண்மையென்றும், இல்லாததால் மற்றதைப் பொய்யென்றும் குறூப்பில் எழுதிவிட்டோம்.

அந்த 2005 நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூத்தவர்களுக்கு ஞாபகம் வரும். 1996 மே 25இல் மின்சார நெருக்கடிக்காக நமது மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்ப எடுத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய இடத்துக்கு வந்தோம். பத்து வருடம் வீட்டுக்கு வீடு "புதிய நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய் வந்த வியாபாரிகளுக்கு ஒரே நாளில் இரண்டு நேரம்.

சுனாமி வந்தது இந்த இடைக்காலத்தில். சுமாத்திராவுக்கு அருகில் நிலம் அதிர்ந்தபோது நமது மணிக்கூட்டில் காலை 6.58. இன்றைய நேரக் கணக்கில் அது 6.28. இரண்டு எண்ணையும் வெவ்வேறு இடங்களில் வாசித்துவிட்டு எது சரி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரண்டும் சரி. ஒவ்வொரு டிசம்பர் 26உம் காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம். 2004இன் மணிக்கூட்டில் 9.25 என்றால் இன்றைய மணிக்கூட்டில் 8.55. நமது லெப்டொப்பில் இருந்தது விண்டோஸ் 98. அது பைலின் நேரத்தைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதியது போல் எழுதும். எந்த நாட்டு நேரம், எந்த வருடத்து நேரம் என்ற குறிப்பு கிடையாது. ஆகவே அந்தக் காலத்துப் பைல்களின் நேரத்தை வாசிக்கும்போது அரை மணித்தியாலத்தை நாம்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பெட்டரி வேலை. வீட்டில் பழைய லெப்டொப் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

முதலில் நான் பெட்டரியைத் தொடவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கடையில் ஒரு தம்பியிடம் கொடுத்து, எந்தப் பைலையும் திறக்காமல் முழுவதையும் பிரதி எடுத்தேன். சும்மா பிரதி செய்தால் "கடைசியாக மாற்றிய" திகதி அப்படியே வரும். "உருவாக்கிய" திகதி மட்டும் மாறும். திறந்து சேமித்தால் "கடைசியாக மாற்றிய" திகதி போய்விடும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். இதே மெஷினில் இருந்த முகாம் வரவுசெலவுக் கணக்கை ஒருமுறை திறந்து, கை பழக்கத்தில் சேமித்துவிட்டேன். அந்தத் திகதி இனி வராது.

பிறகு மின் வயரையும் பெரிய பெட்டரியையும் கழற்றினேன். அடிப்பக்க மூடியைத் திறந்து, வயர் போகும் பாதையை போனில் படமெடுத்தேன். சிவப்பு எந்தப் பக்கம், கறுப்பு எந்தப் பக்கம் என்பது கட்டாயம் படத்தில் தெரிய வேண்டும். புதிதாக வாங்கும் பெட்டரிகளில் வயர் மாறி வருவதுண்டு. பெட்டரியில் எண் இருக்கும். சீ.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. 2025 என்றால் 2.5 தடிப்பு. இரண்டும் 3 வோல்ற். ஆனால் சில லெப்டொப்களில் சார்ஜ் ஏறும் வகைப் பெட்டரி இருக்கும், எம்.எல். என்று தொடங்கும். அந்த இடத்தில் சீ.ஆர். வகையைப் போடவே கூடாது. சார்ஜ் ஏற்றினால் அது வீங்கும், வெடிக்கவும் கூடும்.

வயரை நாணயப் பெட்டரியில் நேராக ஈயம் வைத்து ஒட்டலாம் என்று கடைக்காரத் தம்பி சொன்னார். வேண்டாம் என்றேன். அந்தச் சூடு லித்தியம் பெட்டரிக்கு ஆகாது. வயர் பொருத்தியே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கழற்றிய பழையதைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். செத்த பெட்டரிதானே என்று நினைக்க வேண்டாம். கணினியை ஓட்ட முடியாத பெட்டரியும் ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

மூடியைப் பூட்டி மின்சாரம் கொடுத்தேன். 161 வரவில்லை. 163 மட்டும் வந்தது. அது நியாயம், புதுப் பெட்டரிக்குத் திகதி தெரியாது. இன்றைய திகதியை அடித்தேன். நிறுத்தி, வயரைப் பிடுங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து போட்டேன். நேரம் பிசகாமல் நின்றது.

இனி அந்த இரண்டு பட்டியல்கள். விண்டோஸ் பைல்களை அகர வரிசையில்தான் காட்டும். ஆனால் டொஸ் திரைக்குப் போய் டி.ஐ.ஆர். என்று மட்டும் அடித்தால், டிஸ்க்கின் ஏட்டில் பதிந்திருக்கும் வரிசையிலேயே பெயர்கள் வரும். அது பெரும்பாலும் உருவான வரிசை. 1980 என்று இருந்த பட்டியல் மேலே நின்றது. 2005 பட்டியல் அதற்குக் கீழே. இதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அழித்த பைலின் வெற்றிடத்தில் பிறகு வந்த பைல் உட்காரலாம். வேர்ட் போன்ற மென்பொருள் சேமிக்கும்போது தற்காலிகப் பைல் எழுதிப் பெயர் மாற்றும் பழக்கமும் உண்டு. வகுப்பில் சொல்வேனே, ஒரு சாட்சி போதாது என்று.

இரண்டாவது சாட்சியைத் தேடி, அன்று முகாமுக்குப் பொறுப்பாக இருந்த எங்கள் அதிபரின் வீட்டுக்குப் போனேன். அவர் மறைந்து சில வருடங்கள். அவருடைய மனைவி உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். பெட்டரியும் சீ.ஆர்., கொப்பியும் சீ.ஆர்.! பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். நீலப் பென்னில் சேரின் அழகான எழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திகதி. 2005 ஜனவரி 4 என்ற பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. பக்கத்தில் "வெளியூர், வாடியில் இருந்தவர், ஜனாஸா இங்கே அடக்கப்பட்டது" என்று குறிப்பு. அந்தப் பக்கத்துப் பெயர்களும் வரிசையும் 1980 பட்டியலோடு அச்சொட்டாகப் பொருந்துகின்றன.

பிறகு ஏன் இரண்டாவது பட்டியலில் இல்லை? அதற்கும் கொப்பியிலேயே பதில். இரண்டாவது பட்டியல் கிராம சேவகருக்குக் கொடுப்பதற்காக, இந்தப் பிரிவில் குடியிருந்தவர்களை மட்டும் எடுத்துத் தயாரித்தது. வெளியூர் என்று குறித்திருந்தது இவர் ஒருவரைத்தான். அவருடைய பெயரை அவருடைய ஊர்ப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்படி கடிதம் கொடுத்து அனுப்பியதாக அதிபர் ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆகவே யாரும் பிறகு சேர்க்கவில்லை. அலுவலகத் தேவைக்காக ஒரு பெயரை எடுத்தார்கள், அவ்வளவுதான். நமதூரில் நம்மவர் இதை மறந்துவிட்டோம். நானும்தான். அடித்தவர்களில் நானும் ஒருவன், எனக்கே ஞாபகம் இல்லை.

நேற்றுப் பின்னேரம் அந்தத் தங்கச்சியும் கணவரும் வீட்டுக்கு வந்தார்கள். கொப்பியின் பக்கத்தைக் காட்டினேன். பிறகு லெப்டொப்பையும் போட்டுக் காட்டினேன். அவர் திரையை விடக் கொப்பியைத்தான் கூடிய நேரம் பார்த்தார். "சேர், இந்த 4ஆம் திகதி என்டது வாப்பாவை அடக்கின நாளா, பேர் எழுதின நாளா?" என்று கேட்டார். எழுதிய நாள் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அடக்கிய நாள் தெரிந்தவர்கள், அன்று மையவாடியில் நின்றவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்குத் தனியாக அறிவியுங்கள்.

குறூப்பில் எழுதிய சகோதரரோடு போனில் பேசினேன். அவரும் கொப்பியை வந்து பார்த்துவிட்டார். மேற்கொண்டு அதைப் பற்றி யாரும் எழுத வேண்டாம்.

1980 என்ற திகதியை நான் திருத்தவில்லை. பைல் அப்படியே இருக்கும். அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி லெப்டொப்பின் பைக்குள் வைத்திருக்கிறேன்.

பலகைக்கான பெயர்களை வருகிற வெள்ளிக்கிழமை பொறிப்பவரிடம் கொடுக்கிறார்கள். கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். வியாழன் அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். உங்கள் வீட்டுப் பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வந்து பாருங்கள்.